கொங்கண் ரயிலில் ஜன்னலோரம் யாருக்கு?

மும்பைக்கும் மங்களூருக்கும் இடையே கொங்கண் பாதையில் ஓர் இரவுப் பயணம் செய்ய வேண்டும் என்ற ஆவல் நாடெங்கும் பலருக்கு இருக்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் ஒருபுறம் நீலக்கடலும் மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரிய, நடுவே ரயில் ஓடுகிறது. உண்மை நிலை சற்று வேறானது. இப்பாதையின் பெரும்பகுதி கடலைவிட்டு விலகி, குன்றுகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைத் தாண்டியும் செல்கிறது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் ரயிலிலிருந்து கடல் கண்ணில் படுவதே அரிது. அங்கே காணத்தக்கவை மனித உழைப்பின் சாதனைகள்தாம். ரத்னகிரி அருகே 64 மீட்டர் உயரத் தூண்களின் மேல் நிற்கும் பன்வல் பாலமும், ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே சுரங்கமும் அவற்றுள் முதன்மையானவை.

கடலும் கழிமுகங்களும் பாதையை நெருங்கி வருவது கோவாவைக் கடந்த பிறகே. காரவாரில் காளி ஆறு, ஹொன்னாவரில் சராவதியின் மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் பாலம், அதன்பின் தென்னந்தோப்புகளின் இடையே உடுப்பி வரை தொடரும் கரை என இந்தக் கர்நாடகப் பகுதியே பயணத்தின் உச்சம். ஆனால் மும்பையிலிருந்து தெற்கே வரும் நேத்ராவதி, மத்ஸ்யகந்தா விரைவு ரயில்கள் இப்பகுதியை நள்ளிரவிலும் பின்னிரவிலுமே கடக்கின்றன. கடலைக் காணப் பயணச்சீட்டு வாங்கியவர் அதைத் தூக்கத்தில் கடந்துவிடுகிறார்.

எனவே பயணத்தைத் திருப்பித் திட்டமிடுவதே அறிவுடைமை. பிற்பகலில் மங்களூருவில் புறப்படும் மத்ஸ்யகந்தாவில் இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தால், மாலை வெயிலில் கர்நாடகக் கரை முழுவதையும் கண்டுவிட்டு, இருட்டிய பின் கோவாவைக் கடந்து, விடியலில் மும்பையை அடையலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல வழியும் உண்டு. மட்காவில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து மங்களூருக்குப் பகலில் செல்லும் சாதாரணப் பயணிகள் ரயிலில் ஏறுவதுதான் அது. எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் அந்த ரயிலில் கட்டணமும் குறைவு, ஜன்னலும் திறந்திருக்கும். தமிழகத்திலிருந்தே கிளம்புவோருக்குத் திருநெல்வேலி - ஜாம்நகர், கோவை - ஹிஸார் ரயில்கள் இப்பாதையில் செல்கின்றன. அவை அன்றாட ரயில்கள் அல்ல என்பதால் நாள் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

ஆனால் ரயிலைத் தேர்ந்தெடுப்பது எளிது. இடம் கிடைப்பதுதான் கடினம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாள்களில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்து காத்திருப்போர் பட்டியல் நீளத் தொடங்கிவிடுகிறது. அப்பட்டியலில் நிற்பவர்களுள் சுற்றுலாப் பயணிகளைவிட 'சாக்கர்மானி' எனப்படும் கொங்கண் உழைப்பாளிகளே அதிகம். மும்பையின் பஞ்சாலைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய மண் அது. ஆலைகள் மூடப்பட்டாலும் ஊருக்கும் மாநகருக்கும் இடையிலான போக்குவரத்து ஓயவில்லை.

இந்த ரயில்பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ராஜாபூர் தொகுதியின் உறுப்பினராக 1971 முதல் இருபது ஆண்டுகள் மக்களவையில் இருந்த மது தண்டவதே, கடற்கரை மாவட்டங்களின் பின்தங்கிய நிலையைச் சுட்டி இதற்காக ஓயாது வாதாடினார். வி.பி. சிங் அரசில் அவர் நிதி அமைச்சராகவும், மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சராகவும் அமைந்தது கொங்கணின் நற்பேறு. 1990 ஜூலையில் தனி நிறுவனம் உருவாயிற்று. பாம்பன் பாலத்தை 1964 புயலுக்குப் பின் 46 நாள்களில் சீரமைத்த இ. ஸ்ரீதரன் அதன் தலைவரானார். மத்திய அரசு 51 விழுக்காடு, மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவா, கேரளம் தலா 6 எனப் பங்கு மூலதனம் பகிரப்பட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களும் ஏறத்தாழ 2,000 பாலங்களும் கொண்ட, சுமார் 740 கிலோமீட்டர் நீளப் பாதை 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. கடனை அடைக்க வேண்டும் என்று, உண்மைத் தொலைவைவிட நாற்பது விழுக்காடு கூட்டிக் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கும் முறையும் புகுத்தப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளில் மத்திய அரசின் நிதியில் ரயில் வந்தது. கொங்கண் மக்களோ தங்கள் மாநில வரிப்பணத்தையும் கொடுத்து, கூடுதல் கட்டணமும் செலுத்தி அதைப் பெற்றனர்.

அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்திருப்பது என்ன? 2017-இல் தேஜஸ் ரயில் வந்தது. அதே ஆண்டில் கண்ணாடிக் கூரையுடைய விஸ்டாடோம் பெட்டி வந்தது. 2023 ஜூனில் மும்பை - மட்காவ் வந்தே பாரத் வந்தது. 2025 ஆகஸ்டில் கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே காரையே ரயிலில் ஏற்றிச் செல்லும் சேவையும் தொடங்கப்பட்டது. ஒரு காருக்குக் கட்டணம் 7,875 ரூபாய். எதிர்பார்த்த வரவேற்பு அதற்கு இல்லை என்பது வேறு விஷயம். இவற்றில் எதுவும் தவறல்ல. ஆயின் ரோஹாவிலிருந்து வீர் வரையிலான சுமார் 47 கிலோமீட்டர் மட்டுமே 2021-இல் இரட்டைப் பாதையாயிற்று. எஞ்சிய தொலைவு ஏறக்குறைய முழுவதும் ஒற்றைப் பாதையே. அதில் உயர்கட்டண ரயில் ஒன்றுக்கு வழிவிடச் சாதாரண ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியதாகிறது. ரத்னகிரிப் பயணிகள் ரயில் கரோனா காலத்துக்குப் பின் தாதர் வரை வராமல் திவாவுடன் நின்றுவிட்டது. அதை மீண்டும் தாதருக்கு நீட்டிக்குமாறு உள்ளூர் மக்கள் கேட்டு வருகின்றனர். புதிய ரயிலைக் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதில் காட்டப்படும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும் இதில் காட்டப்பட்டிருக்கலாம்.

பாதுகாப்பும் இதனோடு பிணைந்ததே. கொங்கண் மிக அழகாக இருப்பது மழைக்காலத்தில்; மிக ஆபத்தாக இருப்பதும் அப்போதுதான். 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே சரிந்த பாறையில் மோதி, காரவாரிலிருந்து மும்பை சென்ற விடுமுறைக் காலச் சிறப்பு ரயில் தடம் புரண்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓராண்டு கழியும் முன்னே, 2004 ஜூன் 16 அன்று, மத்ஸ்யகந்தா ரயில் கரஞ்சாடி அருகே பாறையால் கவிழ்ந்து மீண்டும் உயிர்கள் பறிபோயின. அதன்பின் சரிவுகளில் இரும்பு வலைகள் கட்டப்பட்டன; காவலர்கள் இரவும் பகலும் தண்டவாளத்தில் நடந்து கண்காணிக்கின்றனர்; மழைக்காலத்துக்கென வேகம் குறைத்த தனிக் கால அட்டவணை நடைமுறையில் உள்ளது. பாறைச் சரிவால் அத்தகைய பெரும் உயிர்ச்சேதம் பின்னர் நேரவில்லை என்பது நிறுவனத்துக்குப் பெருமையே. எனினும் 2024 ஜூலையில் கோவாவின் பெர்ணே சுரங்கத்தில் நீர் பெருகியபோதும், சில நாள்களிலேயே கேட் அருகே மண் சரிந்தபோதும் பாதை அடைபட்டு ரயில்கள் ரத்தாயின, பல சுற்றுவழியில் திருப்பப்பட்டன. ஜூன் முதல் அக்டோபர் வரை பயணம் திட்டமிடுவோர் மழைக்கால அட்டவணையைப் பார்த்தே நேரம் குறிக்க வேண்டும். கையில் ஒரு நாள் கூடுதலாகவும் வைத்திருக்க வேண்டும்.

இரட்டைப் பாதைக்கும் சுரங்கச் சீரமைப்புக்கும் தேவையான பெருநிதியைக் கொங்கண் ரயில்வே நிறுவனத்தால் தன் வருவாயிலிருந்து திரட்ட இயலாது. இந்திய ரயில்வேயுடன் அதை இணைக்கும் யோசனைக்கு வலுச் சேர்த்தது இதுவே. பிற மாநிலங்கள் இசைந்த நிலையில் 2025-இல் மகாராஷ்டிரமும் இசைவு தெரிவித்தது. கொங்கண் ரயில்வே என்ற பெயர் நீடிக்க வேண்டும் என்பது அம்மாநிலம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. பெயருக்காக வாதாடுவதில் பிழையில்லை. ஆனால் பங்குதாரர் என்ற தகுதியைக் கைவிடும் மாநிலங்கள், அதற்கு முன்பாகத் தில்லியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டியவை வேறு உண்டு. கூட்டப்பட்ட தொலைவுக் கணக்கு நீக்கப்படுமா, ரோஹா முதல் மங்களூரு வரை இரட்டைப் பாதை எந்த ஆண்டுக்குள் முடியும், சாதாரணத் தூங்கும் வகுப்புப் பெட்டிகள் குறையாதிருக்குமா, கர்நாடகக் கரையைப் பகலில் கடக்கும் நெடுந்தூர ரயில் ஒன்றேனும் குறைந்த கட்டணத்தில் விடப்படுமா என்ற கேள்விகளுக்கான விடைகளே அவை. இணைப்பு முடிந்த பிறகு இவற்றைக் கேட்கும் மாநிலம் பங்குதாரராக இராது. மனு கொடுப்பவர்களின் வரிசையில் ஒன்றாகவே இருக்கும்.