பழைய குட்டி யானை வாங்கலாமா? கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்!

"சார், பத்து வருஷ வண்டி, மலிவா வருது. வாங்கலாமா?" காய்கறி, பூ சாகுபடி செய்யும் விவசாயிகள் பலர் இப்போது கேட்கும் கேள்வி இது. பதில் வண்டியில் இல்லை, உங்கள் நடைக் கணக்கில் இருக்கிறது.

முதலில் புதிய நிலவரம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 5 லட்சம் விலையுள்ள புது வண்டிக்கு 50 ஆயிரம் ரூபாய் மிச்சம். புது வண்டி விலை இறங்கினால் பழையதன் மதிப்பும் இறங்க வேண்டும். எனவே, பழைய விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

அடுத்து, எஃப்.சி. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

இப்போது கணக்கு. உதாரணமாக, சந்தைக்கு வாடகை வண்டி ஒரு நடைக்கு 1,200 ரூபாய், சொந்த வண்டியில் டீசல் செலவு 600 ரூபாய் என்று வைப்போம். ஒரு நடைக்கு 600 ரூபாய் மிச்சம். காப்பீடு, எஃப்.சி., வரி, டயர், பழுது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50 ஆயிரம் ஆனால், அந்தச் செலவை ஈடுகட்டவே 84 நடை ஓட வேண்டும். வண்டிக்குக் கொடுத்த முதல் அதன் பிறகுதான் திரும்பத் தொடங்கும். உங்களுக்கு ஆண்டுக்கு 40 நடைதான் என்றால் வாடகை வண்டியே லாபம். பக்கத்துத் தோட்டக்காரர்களின் சுமையையும் சேர்த்து 150 நடை ஓடும் என்றால் வாங்கலாம்.

வாங்குவதென்றால், காலையில் எஞ்சின் சூடாகும் முன் போய்ப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். உரம், உப்பு, மீன் ஏற்றிய வண்டியில் தொட்டிக்கு அடியில் சேஸ் துருப்பிடித்திருக்கும், குனிந்து பாருங்கள். சுமை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை பொறுங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வாங்குபவரைப் போலவே, பழைய வண்டியை விற்கும் விவசாயியும் இதை மறக்கக் கூடாது.

கடந்த ஆண்டு எத்தனை நடை வாடகை கொடுத்தீர்கள்? இன்று இரவே எழுதிப் பாருங்கள். முடிவு தானாக வரும்.