"நம்ம ஊருக்கும் வருமா?" என்று கேட்பவர்களுக்கு



எங்காவது ஓர் ஊரில் கடை உடைத்தார்கள் என்று செய்தி வந்தால் நம் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விதான் ஓடும். "யார் தொடங்கினது?" "நம்ம ஊருக்கும் வருமா?" முதல் கேள்விக்கு நம் ஆள் ஒருவர் அகப்பட்டுவிட்டால் போதும், குழு அடங்கிவிடும். லொறிச் சாரதியை அடித்த பொடியன்மார். பேஸ்புக்கில் கொமண்ட் போட்ட கடைக்காரர். "இவனுகளாலதான் எல்லாம்" என்று ஏசிவிட்டு நாமும் தூங்கப் போய்விடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிடுவோம். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் அந்தச் சாரதியை அடித்தது குற்றம். மார்ச் 3ஆம் திகதி அவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு நடந்தது அநியாயம், அதற்கு நாம் எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. ஆனால் அடித்தவர்கள் ஏற்கனவே கைதாகியிருந்தார்கள். பிறகு எதற்காக மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது? அந்தக் கடைக்காரர்களா சாரதியை அடித்தார்கள்? வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். மறுநாள் அவசரகால நிலை, 2011க்குப் பிறகு முதல் தடவை. அதற்குப் பிறகும், ஊரடங்கும் இராணுவமும் இருக்கத்தக்கதாகவே, அம்பதென்னயிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் அடித்தார்கள். ஊரடங்கில் நாம் பாண் வாங்க வெளியே போனால் பிடிக்கிற நாடு இது!

"கோபத்தில சனம் செஞ்சது" என்று இன்னும் சொல்பவர்கள் 2019ஐ ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்தது கொழும்பில், நீர்கொழும்பில், மட்டக்களப்பில். கோபம்தான் காரணம் என்றால், பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தச் சனங்கள்தான் மறுநாளே தெருவுக்கு வந்திருக்க வேண்டும். நீர்கொழும்பில் அகதிகளாக இருந்தவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள், மே 5ஆம் திகதி ஒரு மோதலும் நடந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய அழிவு எங்கே நடந்தது? மூன்று வாரம் கழித்து, குளியாப்பிட்டியில், ஹெட்டிப்பொலயில், மினுவாங்கொடையில், கொட்டாரமுல்லையில். அங்கெல்லாம் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. சிலாபத்தில் ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டார்களாம். அந்த ஒரு வரிக்கு மினுவாங்கொடையில் பாஸ்தா தொழிற்சாலை எரிய வேண்டுமா? நோன்பு மாதத்தில் ஒரு மனிதரை அவருடைய இடத்திலேயே வெட்டிக் கொல்ல வேண்டுமா?

கண்ணீர் விட்டவர்கள் வீட்டில் இருந்தார்கள். வந்தவர்கள் வேறு ஆட்கள்.

அவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? நமக்குத் தெரிந்த பதில், தண்டனை இல்லை என்ற நம்பிக்கை. 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமயில் பொதுபல சேனாவின் கூட்டம் நடக்கப்போகிறது என்றபோதே நம் ஆட்கள் பொலிஸுக்கு எச்சரித்தார்கள். கூட்டம் நடந்தது, பேச்சு முடிந்தது, அன்றே தர்கா நகர் எரிந்தது. திகனயில் பொலிஸார் நடந்துகொண்ட விதம் சீசீரீவியில் பதிவாகி ராய்ட்டர்ஸில் செய்தியாகவும் வந்தது. 2019 மே மாதத்தில் கடைகளின் சாம்பல் ஆறவில்லை, நீதிமன்றத்தை அவமதித்ததற்காக ஆறு வருடத் தண்டனை பெற்றிருந்த ஞானசார தேரர் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்கு அவரே தலைவர். அதே 2019 மே மாதம்தான் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்த நம் சகோதரி ஒருவரை, அது தர்மச்சக்கரம் என்று சொல்லி, ஐசீசீபீஆர் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரு இருபது வயது சிங்களப் பொடியன் என்ன படிப்பான்?

சரி, நம்ம ஊருக்கு வருமா?

1915ஐ எடுங்கள். கம்பளை பெரஹரா வழக்கின் பகை, மே மாதக் கடைசியில் கண்டியில் வெடித்தது. சில நாட்களுக்குள் கொழும்பு, மேற்கு, தெற்கு என்று ஓடியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம். அப்போது பேஸ்புக் இருக்கவில்லை, ரயில் இருந்தது. 2018இல் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் தடுக்கப்பட்டன. பேஸ்புக் கம்பனி 2020இல் வருத்தமும் தெரிவித்தது. ஆனால் கதை ஓட வேண்டும் என்றால் ஏதோ ஒன்றில் ஏறி ஓடும்.

கிழக்கில் இருக்கிற நாம் "இங்க நாம பெரும்பான்மை, எவன் வருவான்" என்கிறோம். அம்பாறை நகரம் சம்மாந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம். திகனக்கு ஒரு வாரம் முந்தி, 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அங்கேதான் ஹோட்டல் சாப்பாட்டில் கிடந்த மாவுக் கட்டியை "மலட்டு மாத்திரை" என்று காட்டிப் பள்ளிவாசலை உடைத்தார்கள். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அது வெறும் மாச்சத்து என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களமும் சொன்னது, எல்லாம் உடைந்த பிறகு. அந்த ஹோட்டலில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. கூட்டம் சூழ்ந்து நின்று கேட்க, ஓம் என்று தலையாட்டிவிட்டார். அந்த வீடியோதான் நாடு முழுக்கப் போனது.

சிங்களம் தெரிந்திருந்தால் அந்தக் கடை தப்பியிருக்கும் என்று சொல்லவில்லை. அடிக்க வந்தவன் இலக்கணம் பார்க்க மாட்டான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து நம்பிய இலட்சம் பேர் அடிக்க வந்தவர்கள் இல்லையே. அவர்களிடம் பேச நம்மிடம் யார் இருந்தார்கள்? நம் பாடசாலைகளில் இரண்டாம் மொழிச் சிங்களப் பாடவேளை வந்தால், சிலபஸ் முடியவில்லை என்று கணித ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பெற்றோரும் "மெத்ஸ்தானே முக்கியம் சேர்" என்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாம் இதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

2018இல் சில ஊர்களில் பிக்குமாரும் சிங்கள அயலவர்களும் பள்ளிவாசலைச் சுற்றி நின்று காத்தார்கள். அந்த மாதிரி உறவு கலவரத்தன்று உண்டாவது இல்லை. ஜனாஸா வீட்டுக்கும் அவர்களுடைய மரண வீட்டுக்கும் வருடக்கணக்காகப் போய்வந்த உறவு அது. நாமோ வெசாக் தன்சலுக்குப் போகலாமா கூடாதா என்று மூன்று நாள் கொமண்டில் சண்டை பிடிக்கிறோம்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள். பக்கத்துச் சிங்கள ஊர் பன்சலை ஹாமுதுருவோடு கடைசியாகப் பேசியது எப்போது? ஒரு பொய் வீடியோ ஓடினால் அதே மணித்தியாலத்தில் சிங்களத்தில் பதில் எழுத ஊரில் யார் இருக்கிறார்கள்? பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்கி வைக்க யார் போவார்கள்? வோட்டுக் கேட்டு வருகிற எம்.பி.மாரிடமும் ஒன்று கேளுங்கள்: திகனயிலும் மினுவாங்கொடையிலும் எரித்தவர்களில் எத்தனை பேர் இன்று சிறையில்? பதிலை இந்தப் பதிவின் கீழே போடுங்கள்.