பதிவேட்டில் ஒரு கட்டம்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. உதவித்தொகைப் படிவங்கள் அன்று மாலைக்குள் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று எழுத்தர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்கடா" என்றேன். பதினொரு பேர் எழுந்தார்கள். பதிவேட்டில் பன்னிரண்டு இருந்தது. மறுபடி எண்ணிவிட்டு, விடுபட்ட பெயரைச் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவன் பெஞ்சின் மேலிருந்த காம்பஸ் கீறலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "எனக்கு அந்தப் பணம் வேண்டாம் சார்" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அரசாங்கம் கொடுப்பதை வேண்டாம் என்கிறானே, வீட்டில் இருக்கிற கஷ்டம் தெரியாத பையன் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மறுநாளே வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டதைக் கவனிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஏன் மாறினான் என்று யோசிக்க இன்னும் பல வருடங்கள்.

யார் மீதும் எனக்கு அன்று வெறுப்பு கிடையாது. அவசரம் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்குள் சாதி எப்படி வருகிறது என்று கேட்டால், ஊரிலிருந்து வருகிறது, வீட்டிலிருந்து வருகிறது, சினிமாவிலிருந்து வருகிறது என்று நாம் வரிசையாகச் சொல்வோம். எல்லாம் உண்மை. ஆனால் அன்று அந்த வகுப்பறைக்குள் அதைக் கொண்டுவந்தது என் கையிலிருந்த பதிவேடு. அதில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கட்டம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்கப் போன அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதாகப் பிடிபட்டவர்களில் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வெளியே சண்டை நடந்தது கைக்கயிறு, நெற்றித் திலகம் பற்றி. நம் ஓய்வறைகளில் நான் கேட்டவரை பேச்செல்லாம் ஆசிரியர் இடமாறுதல் பரிந்துரையைப் பற்றி மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் சில சிறிய பரிந்துரைகள் கிடந்தன. வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டும் கட்டம் கூடாது. வகுப்பில் பிள்ளைகளைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது. உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் தன் அறையில், தனியாகச் சொல்ல வேண்டும். பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

இவற்றுக்குச் சட்டம் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. திங்கட்கிழமை காலை முதல் மணியிலிருந்தே செய்துவிடலாம். ஆனாலும் எத்தனை பள்ளிகளில் செய்திருக்கிறோம்?

"சாதி விவரம் இல்லாமல் இடஒதுக்கீடு எப்படி? உதவித்தொகை எப்படி?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விட விரும்பும் பெற்றோருக்கு 1973இலேயே அரசாணை இடம் கொடுத்துவிட்டது. அது அவரவர் முடிவு. உரிமையைக் கேட்டு வாங்க வேண்டிய பிள்ளைக்கு அந்த விவரம் கட்டாயம் தேவை. ஆனால் எங்கே தேவை? சேர்க்கைப் பதிவேட்டில், எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில், தலைமையாசிரியரின் பீரோவில். நாள்தோறும் வகுப்புக்கு வகுப்பு போய், மேசைமேல் திறந்தே கிடக்கும் நோட்டில் எதற்கு? வகுப்புத் தலைவன் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். போகிற வழியில் அவன் படிக்காமலா இருப்பான்? நான் பார்த்த ஒரு பதிவேட்டில் சில பெயர்கள் மட்டும் சிவப்பு மையில் இருந்தன. மாதக் கடைசியில் கூட்டிப் போட வசதியாக இருக்குமாம்.

ஒரு தலைமையாசிரியை செய்ததைச் சொல்கிறேன். உதவித்தொகைப் படிவம் வரும் காலத்தில் வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைக்கும் ஒட்டிய உறை ஒன்று கொடுத்து, வீட்டில் கொடுக்கச் சொல்வார். சிலருடைய உறையில் ஒரு படிவம் இருக்கும், சிலருடையதில் வேறொன்று. எந்தப் படிவமும் இல்லாதவர்களுடையதில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பு இருக்கும். வகுப்பில் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அறுபது உறை, கொஞ்சம் பசை, ஒரு மாலை நேரம். அவ்வளவுதான் செலவு.

கைக்கயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதி நிறக் கயிறுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை 2019இலேயே சுற்றறிக்கை விட்டது. அப்போது எழுந்த எதிர்ப்பில் அது அமுங்கிப் போயிற்று. 2022இல் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் கயிறு தொடர்பான தகராறில் ஒரு மாணவனின் உயிரே போனது. எனவே தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாசலில் கத்தரிக்கோலோடு நின்று அறுப்பதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால், கயிறு பனியன் நிறமாகும், சைக்கிள் கைப்பிடியில் சுற்றிய டேப்பாகும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகும். பையன்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தக் கயிற்றை யார் கட்டிவிட்டார்கள், எந்தக் கோவில் கொடையில் கட்டினார்கள், கட்டாதவனை எப்படிக் கேலி செய்தார்கள் என்று அவனிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். ஐநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அந்த ஆள் யார் என்று தலைமையாசிரியர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி என்னை அதிகம் உறுத்துகிற விஷயம். அவசரத்துக்கு அடுத்தபடியாக, பாகுபாடு பள்ளிக்குள் நுழைய நாம் திறந்துவிடும் இரண்டாவது கதவு 'பெற்றோர் கேட்டார்கள்' என்பது.

நூறு ஆண்டுக்கு முந்தைய கதை, அதே திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்விக்காகத் தொடங்கப்பட்டது. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் அதில் போயிருந்தன. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசியலே அதில் திசை திரும்பியது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் இறந்துபோனார். நாட்டு விடுதலைக்காக உயிரையே பணயம் வைத்தவர் அவர். அவரைச் சின்ன மனம் கொண்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம், அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான்.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. சில நாட்களிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சில பெற்றோர் சொன்னார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றில், மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு மாணவி வாசல் படியில் உட்கார்ந்து தேர்வு எழுதிய காட்சியை நாம் எல்லோரும் தொலைபேசியில் பார்த்தோம். அங்கேயும் வந்த விளக்கம் இதுதான்: வீட்டில் தனியே உட்கார வைக்கச் சொன்னார்கள். பள்ளி முதல்வரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

பெற்றோரைப் பகைத்துக்கொண்டு பள்ளி நடத்த முடியாது, தெரியும். சேர்க்கை குறைந்தால் பணியிடமே போய்விடும் ஊர்களில் இந்த அச்சம் பொய்யானதல்ல. பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் காலை எட்டு மணிக்கு நம் பள்ளி வாசலிலேயே நின்று ஹாரன் அடிக்கிறது. ஆனாலும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள் என்று ஒரு தகப்பனார் கேட்டால் "அது முடியாதுங்க" என்று நமக்குச் சொல்லத் தெரிகிறதே. அதே குரலில், அதே மரியாதையோடு, இதற்கும் சொல்லலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பள்ளியில் எந்த வகையிலும் பாகுபாட்டுக்கு ஆளாகக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. பேச்சு முற்றினால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. தயங்காமல் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதம் என்று வகுத்திருக்கிறது. காகிதத்தில் நம் குழுக்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். கூட்டம் பகல் பதினொரு மணிக்கு வைக்கிறோம். அந்த நேரத்தில் வரக்கூடியவர் யார், கூலிக்குப் போகிறவரா, கடை வைத்திருப்பவரா? வந்தாலும் நாற்காலியில் உட்காருபவர் யார், சுவரோரம் நிற்பவர் யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பத்து கையெழுத்து வீட்டுக்குப் போய் வாங்கியது என்றால், அந்த வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்றும் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு, காலனித் தெருச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்துப் பார்த்தால் என்ன?

வேலை பங்கிடுவதும் இப்படித்தான். 2022 கடைசியில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியை ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானார். படித்ததும் 'ச்சே' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். நம் பள்ளியில் ஆசிரியருக்குத் தண்ணீர்ச் சொம்பு எடுத்துவருபவன் யார், மைதானத்தில் குப்பை பொறுக்க முதலில் கூப்பிடப்படுபவன் யார்? அது ஒவ்வொரு நாளும் ஒரே பையன் என்றால், அவனை ஏன் தேர்ந்தெடுத்தோம்? "சொன்னா செய்வான் சார்" என்ற பதிலில் பல விஷயம் அடங்கியிருக்கிறது. சுழற்சி அட்டவணை ஒன்று எழுதிக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டினால் போதும். மாணவியர் கூட்டவும் மாணவர் நாற்காலி தூக்கவும் என்று வைத்திருக்கும் பழக்கத்தையும் அதே அட்டவணையில் தீர்த்துவிடலாம்.

அகர வரிசையில் உட்கார வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'வ'வில் பெயர் தொடங்கும் பிள்ளைக்குக் கண் பார்வை குறைவு என்றால் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவரவர் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. எனவே வரிசையில் விதிவிலக்கு வரும், வர வேண்டும். அந்த விதிவிலக்கை எல்லோர் முன்னும் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை பற்றிய பேச்சு எழுந்தபோது கழுத்து வலி, கண் வலி என்று மறுப்பும் எழுந்தது. அறுபது பேர் நெருக்கி உட்காரும் அறையில் 'ப' எங்கே போடுவது என்று நம்மில் பலர் சிரித்ததும் ஞாபகம். சிரிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் கடைசி பெஞ்சில் தொடர்ந்து உட்காருபவர் யார் என்று அந்தப் பேச்சு எழுப்பிய கேள்வியும் சிரிப்போடு சேர்ந்து போய்விட்டது. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் வந்துபோகிறார். மற்ற நான்கு நாட்களுக்கு அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்று எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.

செங்கல் சூளைகளிலும் திருப்பூர்ப் பக்கத்து மில்களிலும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஓய்வறையில் அவர்களுக்கெல்லாம் ஒரே பெயர், 'ஹிந்திக்காரப் பிள்ளைங்க'. அவர்களில் பலர் ஒடிசாக்காரர்கள். வீட்டில் ஒடியா பேசுகிறவர்கள், ஹிந்தி அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். அந்தப் பிள்ளையின் மொழி எது என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எளிதாகிவிடும்.

ஒவ்வொரு ஜனவரி 30 அன்றும் காலை வணக்கக் கூட்டத்தில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். அதை வாசிக்க, குரல் நன்றாக இருக்கும் ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. உறுதிமொழி முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் முதலில் நாம் கையில் எடுக்கும் நோட்டு வருகைப் பதிவேடு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வாசக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் பள்ளியில் உதவித்தொகை விவரத்தை இப்போது எப்படிப் பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், பிள்ளைகளின் பெயர் கட்டாயம் வேண்டாம். மாற்றிப் பார்த்து, முடியாமல் பழைய முறைக்கே திரும்பியவர்கள் இருந்தால் அவர்களுடைய கடிதத்தை முதலில் போடுவோம். எங்கே தடங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் எழுந்து நிற்கச் சொன்ன அந்தப் பையன் பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தான். அந்த வருடம் அவனுக்கு உதவித்தொகை வரவில்லை. படிவத்தில் அவன் கையெழுத்து இல்லை.