கடை வைக்க ஊரைக் கேட்க மாட்டீர்களா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்தலாம் என்று 1996-லேயே மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்புறம் கடைகள் முளைத்தன. ரிவர்சைடு என்ற நகரம் "எங்க ஊருக்குள்ளே கடை வேண்டாம்" என்று தடை போட்டது. வழக்கு நடந்தது. தடை போட ஊருக்கு உரிமை உண்டு என்று 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று பேச வரவில்லை நண்பர்களே. நம்ம ஊர்க் கடையைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆமாம், டாஸ்மாக்.

வ. புதுப்பட்டியில் ஒருவர் டீக்கடை போட வேண்டும் என்றால் பேரூராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். மதுக்கடைக்கு? இடத்தை முடிவு செய்வது டாஸ்மாக் நிர்வாகமும் கலெக்டரும். 2003-ம் வருட விதிப்படி கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். 100 மீட்டர் என்பது பையன்கள் கிரிக்கெட் பந்தை எறிந்தால் விழுகிற தூரம். கவுன்சிலரைக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் குடியிருக்கிற பெண்களைக் கேட்கிற பேச்சே இல்லை.

"கிராம சபையில் தீர்மானம் போடலாமே" என்பீர்கள். சங்கரன்கோவில் பக்கம் கலிங்கப்பட்டியில் ஊராட்சி தீர்மானம் போட்டது. கடை அப்படியே இருந்தது. 2015 ஆகஸ்டில் ஊரே திரண்டபோது கிடைத்தது தடியடியும் கண்ணீர்ப்புகையும்தான். கடைசியில் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. அதே வருடம் ஜூலை 31-ல் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே விட்டார்.

இன்னொரு வேடிக்கை. கிராம சபை கூடுகிற ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கு நாளும் டாஸ்மாக்குக்கு லீவு. ஊர் கூடிப் பேசலாம். மறுநாள் பகல் 12 மணிக்கு ஷட்டர் திறந்துவிடும்!

நம்ம ஊர் பேரூராட்சி என்பதால் அந்தக் கிராம சபையும் நமக்குக் கிடையாது. நகர்ப்புறங்களுக்கு 2022 நவம்பர் 1-ல் பகுதி சபை என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் பேசலாம். கடையை நிறுத்தும் அதிகாரம் அதற்கும் இல்லை.

உள்ளாட்சித் தீர்மானத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரசுக்குத் தேவைப்பட்டால் மதிப்பு வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரக் கடைகளை மூடச் சொல்லி 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2017 ஏப்ரலில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. உடனே என்ன நடந்தது? ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை உங்கள் ரோடாக ஏற்றுக்கொண்டு தீர்மானம் போடுங்கள் என்று நகராட்சிகளுக்குச் சுற்றறிக்கை போனது. சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கே வந்தது. ஆக, கடையைக் காப்பாற்ற ஊர்த் தீர்மானம் வேண்டும், கடையை மூட மட்டும் செல்லாது. இது என்ன நியாயம்?

ரோட்டோரத்தில் இருந்த கடைகளைக் குடியிருப்புக்குள் நகர்த்தப் பார்த்தார்கள். அதே ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. சாமளாபுரமும் நம்மைப் போல ஒரு பேரூராட்சிதான்.

வருமானம் போய்விடும் என்பார்கள். 2023-24-ல் மட்டும் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காசு யார் பையிலிருந்து வந்தது? மில் ஷிப்ட் முடித்து வருகிறவர், தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர் கூலியும் அதில் இருக்கிறது. கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது மாநிலத்தில் 4,800-க்கும் மேல் டாஸ்மாக் கடைகள் திறந்துதானே இருந்தன? கள்ளச்சாராயத்தைத் தடுப்பது போலீஸ் வேலை. அதை டாஸ்மாக் தலையில் கட்டாதீர்கள்.

நான் பூரண மதுவிலக்கு கேட்கவில்லை. கடை வேண்டும் என்று ஓர் ஊர் சொன்னால் இருக்கட்டும். ஆனால் ஊரைக் கேளுங்கள். மகாராஷ்டிராவில் 2008 உத்தரவுப்படி 25 சதவீத வாக்காளர்களோ பெண் வாக்காளர்களோ மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாதிக்கு மேல் மூடு என்றால் மூட வேண்டும். சின்னம் என்ன தெரியுமா? நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். ராஜஸ்தானில் கச்சாபலி கிராமம் 2016-ல் இப்படித்தான் ஓட்டுப் போட்டு மூடியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அடுத்த முறை வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். "அண்ணாச்சி, கடை வேணுமா வேண்டாமான்னு சொல்ற உரிமையை எங்களுக்கு வாங்கித் தருவீங்களா?" சிரித்து மழுப்பினால் உங்கள் ஓட்டை என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும்.