இருந்தும் கிடைக்காத ஏடுகள்

நூலகமொன்றின் அடுக்கிலே நூல் இருக்கும். ஆயின் நூற்பட்டியலில் அதன் பெயர் ஏறியிராது. நாடி வருபவரிடம், "அப்படியொரு நூல் இங்கில்லை" என்று நூலகர் கூறி அனுப்பிவிடுவார். அவர் பொய்யுரைக்கவில்லை. நம் பிள்ளைகள் நாள்தோறும் கைத்தொலைபேசியில் நாடுகின்ற தேடுபொறியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஈழத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "தேடினேன் சேர், தமிழில் ஒன்றுமில்லை" என்று மாணவர் கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். ஒன்றுமில்லை என்பது வேறு. ஒன்றும் அகப்படவில்லை என்பது வேறு. இவ்வாரம் அவ்வேற்றுமையைச் சிறிது ஆராய்வோம்.

நாம் ஒரு சொல்லைத் தட்டிய பின்னரே தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுகின்றதெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. சிலந்தி என்று பெயர் பெற்ற நிரல்கள், இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் ஊர்ந்து சென்று, கண்டவற்றையெல்லாம் முன்னரே படியெடுத்து வருகின்றன. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளதென்று அவற்றிலிருந்து பெரியதொரு சொல்லடைவு ஆக்கப்படுகின்றது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டபோது, பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதே வாசகருக்குப் போதுமானதாயிற்று. ஆனால் ஒரே சொல் இலட்சம் பக்கங்களில் இருக்குமாயின், எதனை முதலிற் காட்டுவது? அதற்கு அகரவரிசை உதவாது.

இவ்வினாவுக்கு விடை கண்டோர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவராவர். 1998இல் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் அவர்களே. ஆராய்ச்சிக் கட்டுரையொன்றின் பெருமையை, அதனை எத்தனை அறிஞர் எடுத்தாண்டனர் என்பதைக் கொண்டு மதிப்பதுண்டன்றோ? அவ்வாறே, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை அவர்கள் சிபாரிசாகக் கொண்டனர். எல்லாச் சிபாரிசும் ஒரே எடையுடையதன்று. பலராலும் மதிக்கப்படும் பக்கம் தரும் இணைப்புக்கு எடை அதிகம். வருவோர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கும் பெரியவரின் கடிதத்துக்கு மதிப்புக் குறைவதுபோல, நூறு பக்கங்களைச் சுட்டும் பக்கத்தின் செல்வாக்கும் நூறாகப் பங்கிடப்படும். இன்று இவ்வளவையுடன் வேறு பலவும் சேர்ந்துள்ளன. ஆயினும் அடிப்படை மறையவில்லை.

சிபாரிசு என்றால் மோசடியும் உடன் வருமல்லவா? ஒரே சொல்லை வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதியதுபோல நூறு முறை ஒளித்து வைத்தோரும், இணைப்புகளை விலைக்கு வாங்கியோரும் இருந்தனர். 2011இலும் 2012இலும் கூகிள் தன் முறைகளைத் திருத்தி இவர்களிற் பலரைப் பின்னே தள்ளியது. "ஒரு வாரத்தில் முதலிடம் பெற்றுத் தருகின்றோம்" என்று பணம் கேட்போரை நம்பவே வேண்டாம். முதலிடத்துக்கு எவரும் உறுதியளிக்க முடியாதென்று கூகிள் நிறுவனமே கூறியுள்ளது. விளம்பரமென்று குறிக்கப்பட்டு மேலே நிற்பவை காசுக்கு வாங்கிய இடங்கள். அது வேறு கணக்கு.

நேர்மையான வழி எளிது. வெள்ளவத்தையிலே புடவைக்கடை வைத்திருப்பவர் தம் பக்கத்தில் "மணமகளுக்கேற்ற எழில்மிகு பட்டாடைகள்" என்று எழுதுகின்றார். திருமண வீட்டுப் பெண்களோ "கூறைச்சேலை" என்றே தேடுகின்றனர். அச்சொல் அங்கே இல்லையெனின் கடையை எவ்வாறு காண்பர்? கடையின் பெயர், வீதி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றையும் தெளிவாக எழுதுதல் வேண்டும். அழகிய படத்துக்குள் முகவரியைப் பொறித்துவிட்டால் போதாது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோயில் அறிவித்தல்களும் பாடசாலை மலர்களும் பெரும்பாலும் படங்களாகவே ஏற்றப்படுகின்றன. படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் பயிற்சி பொறிகளுக்கு இப்பொழுது ஓரளவு வந்துள்ளது; ஆயினும் பழைய அச்சிலுள்ள ணை, லை, னை முதலியவற்றின் கொம்புகளைக் கண்டால் அவை தடுமாறுகின்றன.

இதனை நன்குணர்ந்து செயற்பட்டோர், 2005இல் தொடங்கப்பெற்ற "நூலகம்" என்னும் எண்ணிம நூலகத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றையும் பிறவிடங்களில் உள்ளவற்றையும் வீடு வீடாகத் தேடிப் படியெடுப்பதே பெரும் பணி. அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் முதலியவற்றைக் கணினி வாசிக்கத்தக்க தமிழெழுத்தில் எழுதித் தனிப்பக்கம் அமைத்தனர். மாணவன் ஆசிரியரின் பெயரைத் தட்டியதும் நூல் வந்து நிற்பதற்கு இந்த நான்கு வரிகளே காரணம். இவ்வுழைப்பைப் பாராட்டுவோர் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டிலே நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் தட்டச்சிடப்பட்டது. திரையில் தமிழாகத் தோன்றுவது, உள்ளே ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். 'த' உள்ள இடத்தில் 'ஜே'யும், 'ம' உள்ள இடத்தில் 'கே'யும் இருக்கும். மனிதர் அதனைத் தமிழென்று வாசிப்பர். பொறிக்கோ அது பொருளற்ற பிதற்றல். அக்காலத்து எத்தனையோ நல்ல கட்டுரைகள் இவ்வாறு தேடுவோர் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. ஒருங்குறியில் எழுதப்பட்டவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ மாமாவோ பாமினியில் எழுதிவைத்த கட்டுரைகள் பழைய கணினியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சில நொடிகளே செல்லும். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்த்தல் அவசியம். இடையிலே ஆங்கிலச் சொற்கள் இருந்திருப்பின், அவையும் தமிழெழுத்துகளாக மாறி, எந்த அகராதியிலும் இல்லாத புதுச்சொற்களாய் வந்து நிற்கும்.