தொட்டி மீனைக் குளத்தில் விடவேண்டாம்



பிள்ளைகளுக்காக வீட்டில் மீன் தொட்டி வைக்கிறோம். நல்ல விடயம். பாசியைத் தின்னட்டும் என்று விரலளவு டேங்க் கிளீனர் ஒன்றையும் வாங்கிப் போடுகிறோம். அது ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது, "பாவம், உயிர்தானே" என்று சிலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அது தென்னமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசம், துடுப்பில் முள். கரையைக் குடைந்து முட்டையிடும். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும், சந்தையிலும் விலைபோகாது. நஷ்டம் நம் குளத்து மீனவருக்கு. கொழும்புப் பக்க நீர்நிலைகளில் பெருகிய நைஃப் பிஷ்ஷும் தொட்டியிலிருந்து போனதுதான்.

இரக்கம் வாங்கும்போதே வேண்டும். எவ்வளவு வளரும் என்று கடையில் கேட்போம். வளர்க்க முடியாவிட்டால் கடைக்கோ இடமுள்ளவருக்கோ கொடுப்போம். வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இதையே சொல்கிறோம். குளத்தில் மட்டும் வேண்டாம்.