வாடகை கட்டினால் உடைக்கலாமா?

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். ராமமூர்த்தி நகரில் எங்கள் தெரு முனையில் ஒரு பிள்ளையார் கோயில். சாயங்காலம் அங்கே போய்விட்டுத் திரும்பியவர், சாக்கடை மேல் ஸ்லாப் உடைந்து கிடந்த இடத்தில் காலை விட்டுவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். தங்கமணி போன் பண்ணியபோது நான் ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். என்ன ஆணி என்றால், ஒரு வீட்டுக் கடனின் மூன்றாவது தவணையை விடுவிக்கிற ஃபைல்!

ஸ்லாப் எப்படி உடைந்தது என்பதில் ரகசியமில்லை. எதிரே ஒரு தர்ட்டி-ஃபார்ட்டி சைட்டில் மாடி மேல் மாடியாக வீடு எழும்புகிறது. ரூஃப் கான்கிரீட் போட்ட அன்று மிக்ஸர் லாரி திரும்ப இடமில்லாமல் பின்சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றியது. ஆறு கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல் வரும், லாரி எடை தனி. மனுசன் நடப்பதற்குப் போட்ட ஸ்லாப் என்ன செய்யும்? உடைந்த இடத்தில் ஒரு சென்ட்ரிங் பலகையைப் போட்டு மூடினார்கள். அந்தப் பலகையையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஓனரிடம் போய்க் கேட்டேன். கெட்டவர் இல்லை. அம்மாவை விசாரித்தார், ஆஸ்பத்திரிச் செலவில் பாதி தருவதாகக்கூடச் சொன்னார். ஸ்லாப் பேச்சை எடுத்ததும் குரல் மாறிவிட்டது. "லைசென்ஸ் இதெ சார், ஃபீஸ் கட்டித்தீனி" என்றார். லைசென்ஸ் இருக்கிறது, பணம் கட்டியாகிவிட்டது, இனி என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் பெங்களூரின் மொத்த வியாதியும் இருக்கிறது. இங்கே கட்டட அனுமதி வாங்கும்போது 'கிரவுண்ட் ரெண்ட்' என்று ஒன்று வசூலித்தார்கள். மணலும் ஜல்லியும் ரோட்டில் கொட்டி வைப்பதற்கு வாடகை. சர்க்குலர் போட்டு இப்படி வசூலிக்க பிபிஎம்பிக்கு அதிகாரம் இல்லை என்று 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னது. அரசு சட்டத்தையே திருத்தி வசூலுக்கு வழி பண்ணிக்கொண்டது. இத்தனை சண்டையும் காசு யாருக்கு, எவ்வளவு என்பதற்காக. உடைந்ததை யார் கட்டித்தருவது என்று ஒருத்தரும் சண்டை போடவில்லை.

வாடகை கொடுத்தவனுக்கு வருவது உரிமை. 'என் காசு, என் ரோடு' என்று தோன்றத்தான் செய்யும். டெபாசிட் கொடுத்தவன் கதை வேறு. திரும்பி வரவேண்டிய பணமாச்சே என்று லாரி டிரைவரை அவனே அதட்டுவான். இருபது வருஷமாக வங்கியில் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெல்போர்னில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை சேர்த்தான். வேலை தொடங்கும் முன்பே அவனுடைய கவுன்சிலில் 'அசெட் ப்ரொடெக்‌ஷன் பெர்மிட்' வாங்கச் சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வெளியே இருக்கும் நடைபாதை, ரோட்டோரக் கல், மழைநீர்ப் பள்ளம், புல்தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கொடுக்கவேண்டும். டெபாசிட்டும் கட்டவேண்டும். வேலை முடிந்ததும் ஆள் வந்து பார்ப்பார். ஏதாவது உடைந்திருந்தால் சரிசெய்து கொடுத்த பிறகுதான் பணம் திரும்பும். மச்சான் கான்கிரீட் லாரிக்கு முன்னால் நின்று கை காட்டினானாம். ஊரில் அவன் வீடு கட்டியபோது சைட் பக்கமே எட்டிப் பார்க்காதவன்! :-)

நம் ஊரில் ரோட்டை வெட்டுவதற்கு அனுமதி, சரிசெய்யும் கட்டணம் எல்லாம் காகிதத்திலாவது இருக்கிறது. வெட்டாமல், லாரி ஏற்றி உடைத்தால்? சிமெண்ட் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விட்டு, அது உள்ளேயே பாறையாக இறுகினால்? நடைமுறையில் கேட்க நாதியில்லை. அடுத்த மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதும் அரசாங்கத்தைத் திட்டுவோம்.

'இன்னொரு பெர்மிட் என்றால் இன்னொரு மேஜை, இன்னொரு கை நீளும்' என்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் பணத்தை மாநகராட்சி கையில் கொடுக்கவேண்டாம் என்கிறேன். வீடு கட்டுபவர் பெயரிலேயே வங்கியில் ஒரு எஃப்.டி., அதன் மேல் மாநகராட்சிக்கு லியன். வட்டி அவருக்கே. வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு போட்டோ. முடிந்து முப்பது நாளில் ஆட்சேபணை வராவிட்டால் லியன் தானாக நீங்கவேண்டும். கான்ட்ராக்டர்களின் டெண்டர் டெபாசிட்டுக்கு நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது, ராக்கெட் விடுவதில்லை.

கட்டி முடித்ததற்கான சான்றிதழைப் பார்க்காமல் கட்டடத்தை அடமானமாக எடுத்துக் கடன் கொடுக்கக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றமே வங்கிகளுக்குச் சொன்னது. அந்தச் சான்றிதழோடு இதைக் கோத்துவிடலாம் என்று பார்த்தால், 1200 சதுர அடி வரையிலான மனைகளில் எழும்பும் சின்ன வீடுகளுக்கு அதிலிருந்தே 2025-ல் மாநில அரசு விலக்கு கொடுத்துவிட்டது. என் எதிர்வீடும் அந்த அளவுதான். பெங்களூரில் தெருவை உடைப்பதில் முக்கால்வாசி இப்படிப்பட்ட வீடுகள்தான் என்பது நான் நடந்து பார்த்த கணக்கு. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன. ஐந்தில் ஒன்றாவது செய்து பார்க்கட்டுமே.

நான் மட்டும் என்ன யோக்கியமா? 2012-ல் கோவில்பட்டியில் வீடு கட்டியபோது தெருவை அடைத்து மணல் கொட்டினேன். அதாவது மேஸ்திரி கொட்டினார், நான் இங்கிருந்து போனில் "சரி சரி" என்றேன். பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர்க் குழாய் நசுங்கி, அந்த அத்தை நாலு நாள் தெருக்குழாயில் பிடித்திருக்கிறார். அம்மா இப்போதுதான் சொன்னார், கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு.

வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மேஸ்திரி வாட்ஸ்அப்பில் தூண், லிண்டல், ரூஃப் என்று படம் அனுப்புவார். இந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தெருப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். உடைந்த ஸ்லாப் ஒன்று தெரிந்தால் காசு அனுப்பி மாற்றச் சொல்லுங்கள், சட்டம் வருகிறபோது வரட்டும்.

எதிர்வீட்டு ஸ்லாப்பை நானும் மாடி வீட்டுக்காரரும் பாதிப் பாதி போட்டு நேற்று மாற்றிவிட்டோம். ஓனர் வந்து நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கட்டு பிரிக்க அடுத்த வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.